ஐந்தாவது ஸ்லைடு

அறுபத்தோராவது வட்டத்திலும் ஒன்றுமில்லை. தமயந்தியின் இடது கட்டைவிரல் எண்ணும் கருவியின் பொத்தான்மேல் தயாராக நின்றுகொண்டு, அழுத்த வேலையில்லாமல் துறுதுறுத்தது. பயத்தால் அல்ல. பயம் அவளுக்குக் காலிலிருந்து ஏறும். இது வயிற்றிலிருந்து கிளம்பி மேலே வருகிறது. பத்தாவது ரிசல்ட் ஒட்டியிருந்த பலகைக்கு முன்னால் முண்டியடித்துக்கொண்டு போய்த் தன் நம்பரைத் தேடியபோது வந்தது மாதிரி. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று மனசுக்குள் ஒரு மெட்டே ஓட ஆரம்பித்துவிட்டது. நுண்ணோக்கிக்குள் ஒரு வட்டம் தெரியும், அந்த வட்டத்துக்குள் கிடக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இழைகளை எண்ண வேண்டும், பதினெட்டு வருஷமாக அதுதான் அவள் உத்தியோகம். கேட்பவர்களுக்கு இவ்வளவுதானா என்று இருக்கும். ஆனால் கண்டதையெல்லாம் எண்ணிவிட முடியாது. ஒரு மில்லிமீட்டரை இருநூறாக நறுக்கினால் வரும் துண்டைவிட நீளமாக இருக்க வேண்டும், அகலத்தைப் போல மூன்று மடங்காவது நீளம் வேண்டும், இரண்டு முனையும் வட்டத்துக்குள் இருந்தால் ஒன்று, ஒரு முனை உள்ளே ஒரு முனை வெளியே என்றால் அரை. நூறு வட்டம் பார்த்தாக வேண்டும். அதற்கு முன்னாலேயே நூறு இழை சேர்ந்துவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம். போன வருஷம் இதே மனிதரின் ஸ்லைடில் இருபத்து மூன்றாவது வட்டத்திலேயே நூறு சேர்ந்துவிட்டது, கட்டைவிரல் வலித்தது. இன்றைக்கு அறுபத்தோரு வட்டத்தில் இரண்டரை. அரை என்றால் இன்னும் பிடிக்கும் அவளுக்கு. உள்ளே வர மனமில்லாமல் வாசலிலேயே நின்றுவிட்ட விருந்தாளியைப் போல அது.

இதே மனிதர் என்று அவளுக்குத் தெரிந்திருக்கக் கூடாது. அதுதான் விதி. எந்தக் கம்பெனி, எந்த ஆள் என்பது எண்ணுகிறவருக்குத் தெரியாது, ஸ்லைடின் ஓரத்தில் ஒரு நம்பர் மட்டும் இருக்கும். கண் பாரபட்சம் பார்க்கும் என்று ரஸாக் சார் சொல்வார், இந்த ஆய்வகத்தின் தலைமை, கறாரான மனிதர்; கை நகர்த்தும்போது கண்ணை எடுத்துவிடு, எந்த இடம் வருகிறதோ வரட்டும், தேடிப் போகாதே என்பார். தேடித்தான் போகவில்லையே, தானாக வந்து காதில் விழுந்துவிட்டது. திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்த அவள் கணவர் ஏகாம்பரம் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார், "இன்னிக்கு எனக்குத்தான் மெஷின் மாட்டுனாங்க தமயா. பத்தொம்பதாம் நம்பரு. நம்ம ஜனனி பொறந்த தேதி." ஒரு மனிதர் இருபத்தாறு வருஷம் ஒரு கம்பெனியில் கலவை போடுகிறார், பிரேக் கட்டைக்கான மூட்டைகளை அறுத்துத் தொட்டியில் கொட்டுகிறார், ஒருநாளும் அவரைக் கூப்பிட்டு எதையும் மாட்டியதில்லை, மாலைகூட இல்லை, போன வருஷமும் இந்த வருஷமும்தான் சட்டைக் காலரில் வடிகட்டி வைத்த ஒரு டப்பியும், அதன் வழியாகக் காற்றை இழுக்க இடுப்பில் ஒரு பம்ப்பும். இரண்டு தடவையும் அவர் எப்படிச் சொல்லாமல் இருப்பார். அவள் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. இன்றைக்குக் காலையில் தட்டில் ஐந்து ஸ்லைடு வந்தது, ஐந்தாவதின் கடைசி இரண்டு இலக்கம் ஒன்று, ஒன்பது. ரஸாக் சாரிடம் போய், இது எனக்கு வேண்டாம், வேறு யாராவது எண்ணட்டும் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லப் போனாள் என்றுகூடச் சொல்ல முடியாது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், அதுதான் உண்மை. வேறு யார் கண்ணும் அவளுக்கு நம்பிக்கையில்லை.

அறுபத்திரண்டு, இல்லை. அறுபத்து மூன்று, இல்லை. நாலு ஸ்லைடை ஏற்கனவே முடித்தாயிற்று, அந்த நாலையும் கூட்டிச் சராசரி போட்டால் அரசாங்கம் போட்ட எல்லைக்கு ஒரு மயிரிழை மேலே நிற்கிறது. ஐந்தாவது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு கீழே இழுக்கும். மேலே போனால் கலவைப் பிரிவை மூடிவிடுவார்கள், தூசியை இழுக்கும் உறிஞ்சியை மாற்றிக் கட்டும்வரை, அது மூன்று மாசமோ ஆறு மாசமோ, அதுவரை ஆட்கள் வீட்டில். திரும்பக் கூப்பிடும்போது ஐம்பதைத் தொடும் ஆளைக் கூப்பிடுவார்களா என்பது அடுத்த கேள்வி. கீழே வந்தால் எல்லாம் ஓடும். அதைவிட, கீழே வந்தால் காற்று சுத்தமாகிவிட்டது என்று அர்த்தம், உறிஞ்சி வேலை செய்கிறது என்று அர்த்தம், அவர் நெஞ்சுக்குள் இனிமேல் போகாது என்று அர்த்தம். ஏற்கனவே போனது போனதுதான், அதை யாரும் எடுக்க முடியாது, ஆனால் இனிமேல். இந்த இனிமேல் என்ற வார்த்தைதான் காலையிலிருந்து அவளைப் பிடித்து ஆட்டுகிறது. ஜனனியின் பிறந்தநாளுக்கு வருஷா வருஷம் பலூன் ஊதுவது அவர்தான், ஐம்பது பலூன், கன்னம் இரண்டும் புடைத்துக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு, பிள்ளைகள் சிரிக்கட்டும் என்று வேண்டுமென்றே வெடிக்கவிட்டு. இந்த வருஷம் கடையில் கையால் அடிக்கும் பம்ப் ஒன்று வாங்கிவந்தார். வாயால ஊதறதைவிட இதுதான் ஜாலி, பாரு பாரு, என்று பத்து தடவை சொன்னார். ஜனனி நம்பிவிட்டாள். தமயந்தி அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். அடுத்த வருஷம் பம்ப்பைத் தூக்கிப் பரணில் போட்டுவிடலாம். ஐம்பது வேண்டாம், பத்து ஊதினால் போதும். அறுபத்தாறு, ஒன்றுமில்லை. ஐந்தே ஐந்து ஊதினாலும் போதும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், எதற்கு இப்படி மாங்கு மாங்கென்று எண்ணுகிறோம் சார் என்று அவள் கேட்டபோது ரஸாக் சார் ஒரு கதை மாதிரிச் சொன்னார். நுரையீரலுக்குள் காவல்கார அணுக்கள் இருக்கின்றனவாம், உருண்டைத் தூசி எது வந்தாலும் வாயைத் திறந்து லபக்கென்று விழுங்கிக் கரைத்துவிடுமாம். ஆனால் இழை நீளம். நறுக்காத முருங்கைக்காயை முழுசாக விழுங்கப் பார்க்கிறவன் கதிதான் அதற்கு, பாதி உள்ளே, பாதி வெளியே, வாயை மூடவும் முடியாது துப்பவும் முடியாது. அந்தத் தவிப்பில் தன் வயிற்றிலிருக்கும் எரிநீரை எல்லாம் வெளியே கொட்டிவிடுமாம், அது அக்கம்பக்கத்துச் சதையைச் சுடும், சுட்ட இடம் தழும்பாகும், தழும்பு கெட்டிப்படும், இருபது வருஷம் முப்பது வருஷம் கழித்து ஒருநாள் மாடிப்படியில் மூச்சு வாங்கும்போதுதான் தெரியும். சிலருக்குப் புற்றாகவும் திரும்பும். அவளுக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம். சிரித்தாள், ஆனால் ஒரு மாசம் சாம்பாரில் முருங்கைக்காய் போடவில்லை. ஏகாம்பரம் கேட்டார், ஏன் போடுவதில்லை என்று. அவள் காரணம் சொன்னாள். அவர் அதைவிடச் சிரித்தார். இப்போது இன்னொன்றும் வந்திருக்கிறது, கரிப்பொடியில் செய்த குழாய், நானோ குழாய் என்கிறார்கள், பிரேக் கட்டை தேயாமல் இருக்க அதைக் கொஞ்சம் கலவையில் சேர்க்கிறார்கள். தலைமுடியை நீளவாக்கில் ஆயிரமாகப் பிளந்தாலும் அதைவிட மெல்லிசாக வருமாம். அது இந்த நுண்ணோக்கியில் தெரியாது. எலெக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும், அது இங்கே இல்லை. நீளமாக, விறைப்பாக இருந்தால் அதுவும் பழைய இழைமாதிரியே குத்திக்கொண்டு நிற்குமோ என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், எலிகளுக்கு அப்படித்தான் ஆகியிருக்கிறது, மனிதர்களுக்கு இன்னும் காலம் போதவில்லை என்றார் ரஸாக் சார். காலம் போதவில்லையாம். இந்த வட்டத்துக்குள், ஒன்றுமில்லை என்று அவள் ஆனந்தப்படும் இந்த வெளிறிய வட்டத்துக்குள், அது படுத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருக்கலாம். வேண்டாம். தெரியாததை எண்ண முடியாது, எண்ண முடியாததை நினைக்கக் கூடாது, அறுபத்தெட்டு, ஒன்றுமில்லை, இது நல்ல நாள், நல்ல நாளைக் கெடுத்துக்கொள்ளாதே.

எழுபதாவது வட்டத்தில்தான் ஏதோ ஒன்று முள் மாதிரி மாட்டியது. இழை இல்லை, சரி. மற்ற குப்பை எங்கே. ஏழு மணி நேரம் கலவைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற மனிதரின் காலரில் இருந்த வடிகட்டி இது. மூட்டைச் சணலின் பிசிறு, பிசின் துணுக்கு, கரிப்புள்ளி, ஏதாவது கிடக்க வேண்டாமா. காலையில் பார்த்த நாலிலும் வட்டத்துக்கு வட்டம் மாவு சலித்த தாளைப் போலத்தான் இருந்தது. இது பால் மாதிரி இருக்கிறது. சந்தோஷத்துக்கு ஒரு குணம், அதற்கு எந்தக் கேள்வி வந்தாலும் கையில் பதில் வைத்திருக்கும். அவர் நிற்பது உறிஞ்சிக்கு நேர் கீழே, அங்கே இழுப்பு அதிகம், அதனால்தான் இவ்வளவு சுத்தம் என்றது. எழுபத்து மூன்று. ஆனால் நேர் கீழே நிற்பவர்தான் மூட்டையை அறுக்கிறார், போன வருஷம் ஐந்திலும் மோசம் அவருடையதுதான். அதனால் என்ன, போன வருஷம் உறிஞ்சியே இல்லையே. எழுபத்தைந்து. ஒவ்வொரு தடவையும் வெறும் வடிகட்டி ஒன்றையும் கொண்டுபோவார்கள், யாருக்கும் மாட்டாமல் ஒரு நொடி திறந்து மூடித் திருப்பிக் கொண்டுவருவார்கள், ஒப்பிடுவதற்காக. அதில்கூட இன்று காலை மூன்று இழை எண்ணினாள். யாரும் போடாத சட்டையில் மூன்று, உழைத்தவர் சட்டையில் இரண்டரை. எண்பது. கட்டைவிரல் பொத்தானைவிட்டு இறங்கிவிட்டது. சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எண்ணுகிறவர் எழுந்துபோய்ப் பத்து நிமிஷம் கண்ணுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதும் விதி, இந்த விதியையாவது காப்பாற்றுவோம் என்று அவள் எழுந்து நடைக்கு வந்தாள். நடை ஜன்னலில் அம்பத்தூர் எஸ்டேட்டின் வெயில், லாரி, தூசி. இன்று வெள்ளிக்கிழமை, அவர் கம்பெனிக்கு வார விடுமுறை. வீட்டுக்குப் போன் போட்டாள், இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"இன்னா தமயா, சாப்ட்டியா?"

"இல்ல, இனிமேதான். ஒண்ணு கேக்கணும். திங்கக்கெழம மாட்டுனாங்களே, அந்த மெஷின் ஷிப்ட் பூரா சட்டையிலதான இருந்துச்சு? கழட்டி எங்கியும் வெக்கலியே?"

"கழட்டுவனா? சாப்டச்சொல்லோகூட அத்தோடதான் குந்துனேன்."

"காலர்ல ஒரு டப்பி. அது வாய் தொறந்துதான இருந்துச்சு?"

அவர் குரலில் சிரிப்பு வந்துவிட்டது. இதைக் கேட்பாள் என்று நாலு நாளாகக் காத்துக்கொண்டிருந்தவர் மாதிரி ஆரம்பித்தார். "அத்த ஏன் கேக்கற. உள்ள வெள்ளவெளேர்னு பேப்பராட்டம் ஒண்ணு இருக்குது. நம்ம செக்‌ஷன் தூசி உனுக்குத் தெரியாதா, போன வருசம் பத்து நிமிசத்துல கறுத்துப்பூட்ச்சி. உன் ஆபீஸ் சாமானாச்சே, நம்ம கைல வந்து அழுக்காயி, நாளைக்கு உன்னிய யாராச்சும் ஒரு வார்த்த சொல்லிட்டா? கர்ச்சீப்ப நாலா மடிச்சி, தண்ணில நனைச்சி, அது வாயில கட்டிட்டேன். ஆபீசர் வாங்க வரச்சொல்லோ அவுத்துட்டு, தொடச்சி, புச்சாட்டம் குட்த்தேன். ஒரு பொட்டுத் தூசி பட்டிருக்காது, பாத்தியா?"

"பாத்தேன்," என்றாள் தமயந்தி. "ஒரு பொட்டு இல்ல."

"ஆங்," என்றார் அவர், திருப்தியாக. பிறகு இருமினார், போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவளுக்குக் கேட்கக் கூடாது என்று.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள், அல்லது அப்படி ஏதோ. கையில் இருபது வட்டம் பாக்கி. யாருக்குத் தெரியும். பம்ப்பு ஓடியிருக்கிறது, நேரம் சரி, வடிகட்டி கிழியவில்லை, நம்பர் நம்பர்தான், அவள் நேர்மையாகத்தான் எண்ணினாள், ஒன்றைக்கூட மறைக்கவில்லை. எண்பத்து மூன்று. காகிதத்தில் இரண்டரை என்று எழுதினால் சராசரி கீழே வந்துவிடும், பிரிவு ஓடும், அவர் நாளைக்குச் சாப்பாட்டுக் கூடையோடு ஏழரை பஸ்ஸில் ஏறுவார், ஜனனியின் படிப்பு, எல்லாம் அதனதன் இடத்தில். எழுதாவிட்டால் அவரை வீட்டில் உட்காரவைத்தது யார் என்று கேட்டால் அவள்தான். எண்பத்தெட்டு. மனசு என்னமாய் வாதாடுகிறது, வக்கீலாகப் போயிருக்கலாம். மற்ற நாலு பேர் யாரென்று அவளுக்குத் தெரியாது, தெரியாதவர்கள்தான், ஆனால் அவர்கள் நெஞ்சில் போனது ஸ்லைடில் அப்படியே கிடக்கிறது, ஒருவரிடம் முப்பத்தொன்பது வட்டத்திலேயே நூறு. அந்த நாலு பேரையும் சேர்த்து இந்த ஒரு கர்ச்சீப்பால் மூடிவிடலாம். நன்றாக மூடும். மேலே உறிஞ்சி பேருக்குச் சுற்றிக்கொண்டிருக்கும், கீழே சர்டிஃபிகேட் தொங்கும். தொண்ணூற்று மூன்று, இல்லை. தொண்ணூற்று ஆறு, இல்லை. தொண்ணூற்று ஏழாவது வட்டத்தில் ஓர் இழை கிடந்தது. நீளமாக, விறைப்பாக, ஒரு நுனி மட்டும் லேசாகப் பிளந்து, இரண்டு முனையும் வட்டத்துக்குள். அழகாகத்தான் இருந்தது. கட்டைவிரல் தன்னால் அழுத்தியது, டக். இது நாலு மடிப்பு ஈரத்துணியைத் தாண்டி வந்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியபோது பயம் காலிலிருந்து ஏற ஆரம்பித்தது. மீதி மூன்று வட்டத்தையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள், பாதியில் விட்டுப் பழக்கமில்லை.

ரஸாக் சார் மேஜையில் தலையைக் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"சார், அஞ்சாவது ஸ்லைடு செல்லாது."

"ஏன், கிழிஞ்சிருக்கா?"

"இல்ல சார். வாயில துணி கட்டியிருந்திருக்காங்க."

"அது உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"மாட்டியிருந்தது என் வீட்டுக்காரர். போன் பண்ணிக் கேட்டேன்."

அவர் பேனாவை மூடினார். கோபப்படுவார் என்று நினைத்தாள். கோபம்தான், ஆனால் மெதுவாக வந்தது. "அப்ப யாருதுன்னு தெரிஞ்சே எண்ணியிருக்க."

"ஆமா சார்."

"மத்த நாலை வச்சுச் சராசரி போட்டா அந்தப் பிரிவ மூடச் சொல்லி எழுதணும். யோசிச்சியா?"

"காலையிலேர்ந்து அதைத்தான் சார் யோசிக்கிறேன்."

அவர் ஒரு வெள்ளைத்தாளை நகர்த்திவைத்தார். "உனக்கு எப்படித் தெரிஞ்சுதுங்கறதையும் சேர்த்து எழுது. கையெழுத்துப் போடு. அந்தக் கம்பெனி ஸ்லைடு இனிமே உன் கைக்கு வராது." அவள் எழுதினாள். எழுத்து எப்போதையும்விடத் திருத்தமாக வந்தது. கையெழுத்துப் போட்டு முடித்தபோது காலையில் வயிற்றில் துள்ளியது அப்படியே இருந்தது, போகவில்லை, ஆனால் அதற்கு இப்போது வேறு அர்த்தம், ஓடும் பஸ்ஸிலிருந்து குதித்து விழாமல் நின்றுவிட்ட ஒருத்திக்கு இருக்குமே, அந்தப் படபடப்பு. மறுபடியும் நடைக்கு வந்தாள். இதை அவரிடம் வேறு யாரும் சொல்லக் கூடாது.

ஏகாம்பரத்துக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குரல் ஏறியது. "மூட்டா நான் எங்க போவேன்? இந்த வயசுல எவன் கூப்டுவான்? வெள்ளையா வந்தா நல்லதுதான தமயா, அப்டியே எழுதிக் குட்த்துட்டுப் போவ வேண்டியதுதான? நான் இன்னா தப்பு பண்ணேன், உன் சாமான அழுக்குப் பண்ணாம குட்த்தது தப்பா?"

"வெள்ளையா வந்தது டப்பி மட்டுந்தாங்க."

"அதான் நானும் சொல்றேன்."

"அது உங்க மூக்குப் பக்கத்துல ஏன் மாட்டுறாங்க? நீங்க இழுக்கற காத்தையே அதுவும் இழுக்கணும்னுதான். உங்களுக்குள்ள போறது எவ்ளோன்னு அது சொல்லணும். அழுக்காவறதுதாங்க அதுக்கு வேலையே."

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, பரீட்சை லீவில் இருக்கும் ஜனனி ஏதோ அரைக்கிறாள். அவர் அதை நிறுத்தச் சொன்னார். வீடு அமைதியானதும் அவர் மூச்சு கேட்டது, உள்ளே போகும்போது லேசாக உரசிக்கொண்டு. தமயந்தி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கேட்க வேண்டாம் என்று இருந்தது, கேட்டுவிட்டாள்.

"எப்பவும் கர்ச்சீப்ப மூக்குலதான கட்டிப்பீங்க. திங்கக்கெழம மூக்குல என்ன கட்டியிருந்தீங்க?"

போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவர் இருமுவது கேட்டது.

"கைல இருந்தது ஒரு கர்ச்சீப்புதான தமயா," என்றார் ஏகாம்பரம்.